கல்சியம் வந்த நேரம்

விளக்கப்பிரியர் என்றோர் இனம் உண்டு. யாழ்ப்பாணத்தில் இது பனையைவிடச் செழிப்பாக வளரும். எழுதுகிறவனும் அதே சாதிதான் என்பதால் கொஞ்சம் இரக்கத்தோடே சொல்கிறேன். இவர்களிடம் நேரம் கேட்டால் மணிக்கூட்டின் வரலாறு கிடைக்கும். தலையிடிக்குப் பனடோல் கேட்டால்? மூளை கிடைக்கும்.

கொக்குவில் சீவரத்தினம் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கைப்பேசியில் மூளையைப் பற்றி ஒரு விரிவுரை பார்த்த நாள்தொட்டு, படலைக்குள் வந்த எவரையும் நரம்புக்கலம் சொல்லாமல் அவர் வெளியே விட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற அதிபர் ஆழ்வாப்பிள்ளை மண்வெட்டி இரவல் கேட்டு வந்து அகப்பட்டார். சீவரத்தினத்தின் மனைவி தயாளினி இருவருக்கும் தேநீர் வைத்துவிட்டுத் தன் கோப்பையோடு பக்கத்தில் அமர்ந்தார்.

"கதைக்கிறது நரம்புக்கலம் மட்டும்தான் எண்டு நினைச்சாங்கள். அதுகளுக்கு இடையிலை கிடக்கிற கிளியாக் கலங்களை வெறும் பசை எண்டு ஒதுக்கிப்போட்டாங்கள்," என்று சீவரத்தினம் தொடங்கினார். ஒரு நரம்புக்கலம் அடுத்ததற்கு இரசாயனத்தில் செய்தி விடும்போது பக்கத்துக் கிளியாக் கலம் அதை ஒட்டுக்கேட்கும். கேட்டதும் அதற்குள் கல்சியம் அலையாக எழும். பிறகு தானும் இரசாயனம் விட்டு அந்தப் பேச்சைக் கூட்டும், குறைக்கும், சிந்தியதைத் துடைக்கும் என்று விளக்கம் பெருகியது.

நடுவில் தயாளினி, கை விறைக்கிறது என்றார்.

"பொறுமப்பா, அதுக்குத்தான் வாறன்."

கோப்பை விழுந்து உடைந்தது. கல்சியம் தடைப்படவில்லை. தயாளினி மறுபடி ஏதோ சொன்னார், சொற்கள் குழைந்தன. அவர் வாய் ஒரு பக்கம் கோணுவதைக் கண்ட ஆழ்வாப்பிள்ளைதான் அம்புலன்சைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் வைத்தியர் ஒன்றே ஒன்று கேட்டார்: எப்போது தொடங்கியது? நேரம் தெரிந்தால்தான் மூளையில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றலாம். சீவரத்தினம் வாயைத் திறந்தார். மனைவிக்குப் பக்கத்திலேயே இருந்த மனிதர்.

"தெரியாது டொக்டர். நான் கதைச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் வாழ்நாளில் கொடுத்த மிகச் சுருக்கமான விளக்கம் அது.

"கல்சியம் வரேக்கை கோப்பை விழுந்தது," என்றார் ஆழ்வாப்பிள்ளை.

வைத்தியர் முகம் மாறாமல் கேட்டார்: "கல்சியம் எத்தினை மணிக்கு வந்தது?"

"கோயிலிலை மத்தியானப் பூசை மணி கேட்டுது. அதோடைதான்."

மருந்து ஏறியது. தயாளினி தேறினார், பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பியது. அதுவரை சீவரத்தினம் கட்டிலடியில் இருந்து, மனைவியின் முனகலுக்கெல்லாம் காது கொடுத்தார்.

இப்போது ஆள் திருந்திவிட்டார். பிறர் சொல்வதைக் கேட்பது எவ்வளவு முக்கியம் என்று, வருகிறவர்களுக்கெல்லாம் மூச்சுவிடாமல் விளக்குகிறார். ஆனால் தயாளினி வாயெடுத்தால் போதும், பாதி வசனத்தில் நின்றுவிடுவார். அது தயாளினிக்கும் தெரியும். சில நாட்களில், சொல்ல ஒன்றுமில்லாமலே வாயைத் திறந்து பார்க்கிறார்.

வாசித்து முடித்துவிட்டீர்களா? கிளியாக் கலத்தைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவருக்கு உடனே சொல்ல வேண்டும்போல் நாக்குத் துடிக்கிறதா? சொல்லுங்கள். ஆனால் நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோது அவர் உங்களிடம் ஏதோ சொன்னாரே, அது என்ன?