சின்ன லி, பெரிய ளி

இறைவன் ஒலியையும் ஒளியையும் தனித்தனியாகப் படைத்தான். இரண்டையும் சேர்த்துவைத்து அவன் விட்ட குறையை நிறைவு செய்தது எங்கள் ஒலி-ஒளி ஆய்வு நிலையம். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமையாகச் சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்ட மக்கள் தொடர்பு அலுவலர் நான்; அதனால் சொல்கிறேன்.

எங்கள் சாதனை ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். அந்த அளவில் ஒரு படிகம். அதன் ஒரு பக்கம் ஒட்டிய மெல்லிய தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் தகடு அதிரும். அந்த அதிர்வு நம் காதுக்கு எட்டாத ஒலியாகப் படிகத்துக்குள் ஓடும். ஓடும் இடமெல்லாம் படிகம் நெருங்கியும் தளர்ந்தும் வரிவரியாகும். அந்த வரிகளில் பட்ட லேசர் கதிர் நேரே போகாமல் சற்று விலகும். சுவரில் சிவப்புப் புள்ளி இடம் மாறும். அவ்வளவுதான். அழகாகவே இருக்கும்.

ஆனால் புள்ளி கூச்ச சுபாவம் உடையது. பக்கத்தில் யாராவது நாற்காலியை இழுத்தால் மேசை அதிர்ந்து புள்ளியும் நடுங்கும். உயர்மட்டக் குழு பார்வையிட வருவதாகத் தகவல் வந்ததும், ஆய்வகம் இருக்கும் அடித்தளத்தில் சத்தமே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்ப எங்கள் இயக்குநர் முடிவு செய்தார்.

இயக்குநரைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு உலகில் ஒரே ஒரு 'ல'தான். அவருடைய மகன் 'பல்லி'யில் முதல் மாணவன். அவர் தலைமையில் நிலையம் நாளுக்கு நாள் 'வலர்'கிறது.

சுற்றறிக்கையை எழுதிக்கொள்ளத் தட்டச்சு அக்காவை அழைத்தார். அக்காவின் வீடு எங்கள் பின்வாசலிலிருந்து இரண்டு தெரு. அவருடைய கணவர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. மத்தியானம் அக்கா ஓடிப்போய் அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, சாப்பாடு ஊட்டி, மூச்சிரைக்கத் திரும்பி வருவார். விதிப்படி அந்தப் பின்வாசல் பூட்டியே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அதைப் பூட்ட எங்கள் வாட்ச்மேனுக்குத் தினமும் மறந்துபோகும்.

"எழுதுங்கம்மா. அடித்தலத்துல ஒலி அறவே கூடாது" என்றார் இயக்குநர்.

"எந்த லி சார்? சின்ன லியா, பெரிய ளியா?"

"என்னம்மா கேல்வி இது? நம்ம நிலையத்துல எதையாவது சின்னதா செஞ்சிருக்கோமா? எல்லாம் பெரிசுதான்!"

அக்கா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். அறையில் இருந்த நானும் மூத்த விஞ்ஞானியும் மின்விசிறியை மிகுந்த ஈடுபாட்டோடு ஆராய்ந்துகொண்டிருந்தோம். அக்கா அடித்து வந்து உரக்கப் படித்துக் காட்டினார்: "அடித்தளத்தில் ஒளி அறவே கூடாது."

"அதேதான்" என்று இயக்குநர் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் ஊழியர்களின் கீழ்ப்படிதல் உலகறிந்தது. குழு வந்த காலையில் எலக்ட்ரீஷியன் அடித்தளத்து விளக்குகளை எல்லாம் கழற்றி மூட்டை கட்டிவிட்டார். அடித்தளத்துக்கு ஜன்னல் கிடையாது. குழுத் தலைவி அம்மையார், பின்னால் உறுப்பினர்கள், முன்னால் இயக்குநர், ஓரமாக நான். இறங்கினோம்.

"இங்க படி இருக்கா?"

"இருக்கணும் மேடம்."

"யோவ், என் கால்!"

"மன்னிச்சுக்கங்க சார். என்னோடதுன்னு நினைச்சுட்டேன்."

ஒரு வாளி உருண்டது. சுற்றறிக்கை எந்தச் சத்தத்தைத் தடுக்கப் பிறந்ததோ அது இப்போது நாலாபுறமும் கேட்டது.

"லேசர் எங்கய்யா?" என்று இயக்குநர் இருட்டைக் கேட்டார்.

இருட்டிலிருந்து மூத்த விஞ்ஞானி பதில் சொன்னார். "அணைச்சுட்டேன் சார். அதுவும் ஒளிதானே? விலக்கு ஒண்ணும் போடலையே."

சாதாரண மனிதர் இங்கே இடிந்துபோயிருப்பார். எங்கள் இயக்குநர் தொண்டையைச் செருமினார். "மேடம், இப்ப நீங்க பாக்கறது..."

"நான் ஒண்ணும் பாக்கலையே."

"அதேதான் மேடம். அதைத்தான் பாக்கறீங்க."

"பிரமாதம்" என்றார் ஓர் உறுப்பினர். "இவ்வளவு சுத்தமா நான் எங்கயுமே பாத்ததில்ல."

கைதட்டலும் எழுந்தது. கை கிடைக்காதவர்கள் சுவரைத் தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் தலைவி அம்மையார் ஓர் அடி முன்னால் வைத்தார். அங்கே படி இருந்தது. "ஐயோ!" என்று விழுந்தார்.

வாசலிலிருந்து வாட்ச்மேன் டார்ச்சோடு ஓடி வந்தார்.

"ஒலிய அணைய்யா!" என்று கத்தினார் இயக்குநர்.

"நான் வாயே தொறக்கலையே சார்" என்றார் வாட்ச்மேன். டார்ச்சைப் படியில் வைத்துவிட்டு, அம்மையாரை உட்காரவைத்து, தோள் துண்டை நனைத்துக் கணுக்காலில் இதமாகக் கட்டினார். பிறகு அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். 'தடை செய்யப்பட்ட பொருளான ஒளியை அடித்தளத்துக்குள் கொண்டுவந்தமைக்கு' அவரிடம் மறுநாள் விளக்கம் கேட்கப்பட்டது. சட்டம் எல்லோருக்கும் பொது.

கணுக்கால் வீங்கியதால் குற்றவாளி தேவைப்பட்டார். விசாரணைக் குழு அமைந்தது. அதற்கு இயக்குநரே தலைவர். சம்பவத்தை நேரில் அறிந்தவரே நீதிபதியானால் எவ்வளவு நேரம் மிச்சம்! குற்றம் உறுதியானால் தட்டச்சு அக்காவுக்கு ஊருக்கு வெளியே உள்ள கிடங்குக்கு மாற்றல். அங்கிருந்து மத்தியானம் வீட்டுக்கு ஓட முடியாது. இது அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். கருணை உள்ளம் படைத்த நாங்கள் அதனால்தான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒலின்னு நான் தெலிவா சொன்னேன். நீங்க ஒலின்னு அடிச்சிருக்கீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதாம்மா?"

"சார், ரெண்டையும் இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்றார் அக்கா.

இயக்குநர் தண்ணீர் குடித்தார். "ஒலி" என்றார். நிறுத்தினார். "ஒலி" என்றார்.

"ரெண்டாவதுல நாக்கு என்னமா வளைஞ்சுது சார்!" என்று மூத்த விஞ்ஞானி வியந்தார்.

"ரெண்டாவது சின்ன லிய்யா."

"அதான் சார். முதலாவதுலதான் வளைஞ்சுது."

எல்லோரும் தலையாட்டினோம். இயக்குநரின் நாக்கு வளையாத இடத்தில் எங்கள் முதுகு வளைந்து ஈடுகட்டியது. படிகத்தில் ஒலி நின்றதும் கதிர் மறுபடி நேராகிவிடும். பாவம், அதற்குப் பயிற்சி போதாது.

"நீங்கலும் அன்னிக்கு இருந்தீங்கல்ல?" என்று இயக்குநர் என்னிடம் திரும்பினார். "நான் சொன்னது கேட்டுதா?"

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சவில்லை. சும்மா பார்த்தார், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் வீட்டுக்கு ஓடும் நேரம்.

"நீங்க சொன்னது எனக்கு ரொம்பத் தெளிவா கேட்டுது சார்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. என்ன கேட்டது என்று யாரும் கேட்கவில்லை. குற்றம் உறுதியானது.

மாலையில் அக்கா தண்ணீர் பாட்டிலையும் நாற்காலி மெத்தையையும் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வாட்ச்மேன் வழிமறித்தார்.

"தங்கச்சி, வீட்டுச் சாவி ஒண்ணு என்கிட்ட குடுத்துட்டுப் போ. மத்தியானம் மாப்பிள்ளைக்கு நான் ஊட்டிட்டு வரேன். மீசையில சிந்திட்டா மட்டும் திட்டாதே."

"ஐயோ அண்ணே, அவரைத் தூக்கிப் புரட்டணுமே. உங்களால ஆகுமா?"

"உயர்மட்டக் குழுவையே தூக்கினவன்மா நான்!"

அக்கா சிரித்தார். அப்படியே அழுதார். அந்த மனிதர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, காதில் விழாததுபோலக் கதவின் கொண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடவுள் எங்கள் வளாகத்துக்குள் வந்தது அன்று ஒருநாள்தான் என்று நினைக்கிறேன். அனுமதிச் சீட்டு இல்லாமல்.

சாவி கை மாறியது. அக்கா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "தூணுக்குப் பின்னால நிக்கிற மக்கள் தொடர்பு சார், வெளிய வாங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

நான் வரவில்லை. கடமை தடுத்தது. எங்கள் பெயர்ப்பலகையின் முதல் இரண்டு சொற்களைப் பெயர்ச்சொற்கள் என்று விவரம் அறியாதவர்கள் நினைக்கலாம். அவை இரண்டும் கட்டளைகள். ஒலி: குரல் கொடு. ஒளி: மறைந்துகொள். முதல் கட்டளைக்கு எங்களிடம் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. இரண்டாவதை, இயக்குநர் முதல் அடியேன் வரை, ஒருவரும் ஒருநாளும் மீறியதில்லை.