தகவலைப் பழுக்க வைப்பவர்

குற்றம் நடக்கப் போகிறது என்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்துகொண்டு, அது நன்றாக முற்றிப் பழுக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிற ஓர் இனம் உண்டு. இதுகளுக்குக் கொம்பு, வால் எதுவும் கிடையாது. நன்றாகச் சலவை செய்த சட்டை இருக்கும்.

காட்டோரத்துத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் நம் ஆளையே எடுத்துக்கொள்ளுங்களேன். செல்போன் வந்து வயிற்றில் அடித்த பிறகு பாஸ்போர்ட் படங்களில் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் கடைக்கு எதிர்ச் சுவரில் வனத்துறை ஒரு நோட்டீஸ் ஒட்டியது. வேட்டைக்கு வைத்த சுருக்குக் கம்பியைப் பற்றித் துப்புக் கொடுத்தால் பாராட்டுப் பத்திரம். கொன்ற விலங்கோடு ஆளையும் பிடித்துக் கொடுத்தால் பெருந்தொகை.

மற்றவர்கள் படித்துவிட்டுப் போனார்கள். நம் ஆள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். அன்றிலிருந்து அவருக்கு ஜீவகாருண்யம் பொங்கி வழிந்தது. "வாயில்லா ஜீவனுங்க சார்! கொல்றவன் மனுஷனே இல்ல!" என்று படம் எடுக்க உட்கார்ந்தவர்களையெல்லாம் கண்கலங்க வைத்தார். படங்களும் கண்கலங்கியபடியே வந்தன.

தேடினால் கிடைக்காமல் போகுமா? மான்கள் தண்ணீருக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதையில், புதருக்குள் ஒரு சுருக்கு. வளைத்து வளைத்துப் படம் எடுத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக வீடு வந்தார். துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம் படத்தைக் காட்டினார்.

"அவுத்துத் தூரப் போட்டுட்டுத்தானே வந்தீங்க?"

"உனக்கு விவரம் பத்தாது. இன்னைக்கு அது வெறும் கம்பி. அதுக்கு ஒரு காகிதத்தக் கொடுத்து அனுப்பிடுவாங்க. மான் மாட்டினாத்தான் அது கேஸு."

"குட்டியோட ஒரு தாய் மான் காட்டோரமா சுத்துதேங்க..."

"அதத்தான் நானும் சொல்றேன். கண்டிப்பா மாட்டும்."

"எந்த இடம்னு சொல்லுங்க. நானே போய் அவுத்துடறேன்."

சொல்வாரா? ரகசியம் காப்பதில் மனுஷன் மன்னன்!

விடிந்ததும் விடியாததுமாகப் போய்ப் பார்ப்பார். சுருக்கு காலியாக இருந்தால் முகம் தொங்கிவிடும். "வழி மாத்திப் போகுதுங்க, அறிவுகெட்டதுங்க" என்று வாயில்லா ஜீவன்களைத் திட்டிக்கொண்டே திரும்புவார்.

கடைசியில் ஒரு காலையில் தாய் மான் மாட்டிக்கொண்டது. கழுத்தில் கம்பி, துள்ளத் துள்ள இறுகியது. குட்டி சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நம் ஆள் சட்டைப் பையில் போன் இருந்தது. அழைத்தால் ஆட்கள் ஓடி வருவார்கள், மான் பிழைக்கும். பிழைத்தால் என்ன ஆகும்? பாராட்டுப் பத்திரம்! அவர் ஒரு மரத்துக்குப் பின்னால் வசதியாக உட்கார்ந்து கேமராவைச் சரிசெய்தார். மான் அடங்குவதற்கு நெடுநேரம் பிடித்தது. பிறகு கத்தியும் சாக்குமாக வேட்டைக்காரன் வந்தான். அப்போதுதான் நம் ஆள் போனை எடுத்து, கிசுகிசுத்த குரலில், "சார், ஒரு அநியாயம் நடக்குது!" என்றார்.

வேட்டைக்காரன் பிடிபட்டான். வனத்துறை அலுவலகத்தில் ரேஞ்சர் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்து, ஒன்றில் நின்றார்.

"இதுல மான் உசிரோட நிக்குதே?"

"ஆமா சார். அப்ப வெளிச்சம் பிரமாதம்!"

ரேஞ்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார். ஆனால் விதி விதிதானே? தொகை வந்து சேர்ந்தது. மனைவியிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

"அந்தக் குட்டி என்னங்க ஆச்சு?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "குட்டியப் பத்தி நோட்டீஸ்ல ஒண்ணும் போடலியே!"

சீச்சீ, இவனும் ஒரு மனுஷனா என்று காறித் துப்புகிறீர்கள். தாராளமாகத் துப்புங்கள், எனக்கும் அதே எரிச்சல்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் அலுவலக மாடிப்படியில் கைப்பிடி கழன்று ஆடுவதைப் பார்த்துவிட்டு, "யாராவது ஒருத்தர் விழுந்தாத்தான் இவனுங்களுக்குப் புத்தி வரும்" என்று சொல்லிக்கொண்டே, சுவரோரமாக ஒதுங்கிப் பத்திரமாக ஏறிப் போனீர்களே, அந்தக் கைப்பிடி யாருக்காகக் காத்திருக்கிறது?