பைரவர் டீச்சர்

நாய்க்குப் பயப்படாதவர்கள் எல்லோரிடமும் ஒரே ஆறுதல்தான் இருக்கும்: "அது ஒண்ணும் பண்ணாது." பண்ணாது என்று எனக்கும் தெரியும். என் முழங்காலுக்குத்தான் தெரியாது.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் அடி அண்ணாமலையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கிரிவலப் பாதையில் கொஞ்சம் நடக்க வேண்டும். வழியில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு செவலை நாய். அது எழுந்து போகும்வரை நான் பஸ் நிறுத்தத்திலேயே நிற்பேன். தினமும் லேட், தினமும் பஸ் மேல் பழி. தலைமையாசிரியை கனகா மேடம், "இன்னொரு தடவை லேட்டுன்னா வேற ஆள் பார்த்துக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு அதுவே சாக்கு. "பயந்துக்கினு போற வேலை எதுக்கும்மா? வீட்ல இரு, மாப்பிள்ளை பார்க்கறேன்." (மாப்பிள்ளை வீட்டில் நாய் இருந்தால் என்ன செய்வாராம்?) எனக்கோ அந்த வேலை உயிர். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிடும்போதுதான் நானும் ஒரு ஆள் என்று எனக்கே தோன்றும்.

தாயத்து கட்டிப் பார்த்தேன். வாரப் பத்திரிகையில் சொன்னபடி கண்ணை மூடி, நாயைப் பூனைக்குட்டியாக நினைத்துப் பார்த்தேன். பூனைக்குட்டி குரைத்தது. கடைசியில் எங்கள் மாடியில் குடியிருந்த ஹெல்கா அம்மாவிடம் போனேன். ஜெர்மனிக்காரர், மலையைப் பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவர் ஒரு தட்டும் வைத்தியம் கற்றுக்கொடுத்தார். விரல் நுனியால் நெற்றி, காதோரப் பொட்டு, கன்னம், முகவாய், நெஞ்செலும்பு என்று வரிசையாகத் தட்ட வேண்டும். தட்டிக்கொண்டே, 'எனக்குப் பயம் இருக்கிறது, இருந்தாலும் என்னை நான் ஏற்றுக்கொள்கிறேன்' என்று முணுமுணுக்க வேண்டும்.

"நடுவுல நிறுத்தக் கூடாது. நிறுத்தினா பயம் டபுள்" என்று எச்சரித்தார். வீட்டில் காலண்டர் நாயின் முன் தட்டிப் பழகினேன். அது ஒன்றும் பண்ணவில்லை.

மறுநாள் பௌர்ணமி என்பதை நான் யோசிக்கவில்லை. காலையிலேயே பாதை முழுக்க வலம் வருகிறவர்கள். நாய் வழக்கம்போல் மரத்தடியில். நான் எதிரே நின்று, அதன் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், நெற்றியில் தட்டி, கன்னத்தில் தட்டி, முணுமுணுக்க ஆரம்பித்தேன். நம் ஊரில் ஒரு பெண் நெற்றியிலும் கன்னத்திலும் போட்டுக்கொண்டு முணுமுணுத்தால், எதிரே சாமி இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இது ஹெல்கா அம்மாவுக்குத் தெரியாது. எனக்காவது உறைத்திருக்க வேண்டும்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஒரு மஞ்சள் புடவை அம்மா பக்கத்தில் நின்றார். "இன்னா சாமிம்மா இது?" நடுவில் நிறுத்தக்கூடாதே! கண்ணால் நாயைக் காட்டினேன்.

"யப்பா, பைரவரு!" என்று அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் குடும்பம் போட்டுக்கொண்டது. பின்னால் வந்தவர்கள், என்ன ஏது என்று கேட்காமல், போட்டுக்கொண்டார்கள். யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ பிஸ்கட் வைத்தார்கள். நாய் வாலை ஆட்ட, "உத்தரவு குடுத்துட்டாருடி!" என்று ஒரு குரல்.

நான் பின்வாங்கினேன். விடுவார்களா? "மொதல்ல பார்த்தது இந்தப் பொண்ணுதான். நீயே பொட்டு வைம்மா" என்று குங்குமத்தைக் கையில் கொடுத்து முன்னே தள்ளினார்கள். நாய் பாசமாக எழுந்து என் புடவையை முகர்ந்தது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, பக்கத்து இளநீர் வண்டியின் மேல், காய்களுக்கு நடுவில், முகமெல்லாம் குங்குமமாக நான் நின்றுகொண்டிருந்ததுதான். "அருள் வந்துடுச்சு!" என்று என்னைப் பார்த்தும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

பள்ளிக்குப் போகிற வழியில் அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் கனகா மேடம். நான் அழுதேவிட்டேன். "நாய்னா பயம் மேடம். பஸ் ஒருநாளும் லேட்டா வரலை. வேலையை மட்டும் எடுத்துடாதீங்க."

மேடம் கையை நீட்டி இறக்கிவிட்டார். அந்தக் கையை விடாமலே நாயைத் தாண்டிப் பள்ளிவரை கூட்டிப்போனார்.

"முன்னாடியே சொல்ல வேணாமா?" என்றார் வாசலில். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஸ்டோர் ரூம்ல சாக்பீஸ் எடுக்க எப்பவும் உங்களையே ஏன் அனுப்பறேன்னு நினைச்சீங்க? அங்க பல்லி இருக்குது டீச்சர்."

அன்றிலிருந்து மேடம் ஓய்வு பெறும்வரை எங்களுக்குள் ஒப்பந்தம். காலையில் பஸ் நிறுத்தத்துக்கு அவர் வருவார். ஸ்டோர் ரூமுக்கு நான் போவேன். ஹெல்கா அம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, "பார்த்தியா, வேலை செஞ்சுது!" என்று குதித்தார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை.

வேலையை விடச் சொன்ன அப்பாதான் இன்றும் வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பைரவர் டீச்சர்" என்று என்னை அறிமுகப்படுத்துகிறார். பூஜையறையில் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டால் போதும், கூடத்திலிருந்து அவர் குரல் வரும்: "எங்கேம்மா நாயி?"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், வாசல் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு.