யாரும் இழுக்காத கயிறு

"முப்பத்தொரு நாளா ஒருத்தர்கூடக் கயிறை இழுக்கலையா?"

மேனேஜர் நாகசாகா இப்படிக் கேட்டதும் மூன்றாம் லைன் தலைவர் சுகியூராவின் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. முப்பத்தொரு வேலை நாள், ஒரு கோளாறுகூட இல்லை. இருபத்தொன்பது வருடமாக இரும்போடு மாரடிக்கும் மனிதர் அவர். பாராட்டு என்று ஒன்று வந்தால் அதை நின்று வாங்கிக்கொள்ள வேண்டாமா? தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒருத்தர்கூட இல்ல, மேனேஜர்."

"ஏன்?"

"ஏன்னா... எல்லாரும் ஒழுங்கா வேலை பார்க்கிறாங்க."

"வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கிறாங்கன்னு சொல்லுங்க. கோளாறே இல்லாத லைன் உலகத்துல கிடையாது, சுகியூரா-சான். கோளாறை மறைக்கிற லைன்தான் உண்டு. நாலாம் லைனைப் பாருங்க. தினமும் பதினாலு தடவை இழுக்கிறாங்க. இந்த ஒன்றரை மாசத்துல ரெண்டு மடங்காயிருக்கு. அவங்களுக்குக் கண்ணு திறந்திருக்கு. உங்க ஆளுங்களுக்கு?"

சுகியூரா தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

ஜப்பானில் ஹெகினான் ஊரில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையில் கார் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் இரும்புச் சட்டங்கள் செய்கிறார்கள். ஒவ்வொரு லைனுக்கும் தலைக்கு மேலே, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு கயிறு ஓடும். வேலையில் எது சரியில்லாவிட்டாலும் யார் வேண்டுமானாலும் அதை இழுக்கலாம். மஞ்சள் விளக்கு எரியும், குழந்தைப் பாட்டு மெட்டு ஒன்று ஒலிக்கும், லைன் தலைவர் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும். வந்ததும் முதலில் "கூப்பிட்டதுக்கு நன்றி" என்று சொல்ல வேண்டும். என்ன கோளாறு என்று அதற்கப்புறம்தான் கேட்கலாம். அதுதான் விதி.

நாலாம் லைன் தலைவர் குராச்சி அந்த நன்றியை "ம், என்ன?" என்று சுருக்கிவிட்டார். சுகியூரா அப்படியில்லை. தொப்பியைக் கழற்றி, இடுப்புவரை குனிந்து, முழுசாகச் சொல்வார். காப்பி டப்பா தள்ளும் இயந்திரத்துக்கே நன்றி சொல்கிற ஆள். "மழை பெஞ்சா மழைக்கு, நின்னா வெயிலுக்கு. கட்டிக்கிட்ட பாவத்துக்கு எனக்கும் அப்பப்பக் கிடைக்கும்" என்று, முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் அவர் மனைவி யாசுகோ, வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை கார் கம்பெனியிலிருந்து உசாமி-சான் வர்றார்," என்றார் நாகசாகா. "புது மாடல் வேலை மூணுக்கா நாலுக்கான்னு அவர்தான் முடிவு பண்ணுவார். கிடைக்காத லைனைக் கலைச்சிடுவாங்க. ஆளுங்களை நாலா பக்கமும் பிரிச்சுப் போடுவாங்க. நீங்க தெற்கே கியூஷூ தொழிற்சாலைக்கு."

"கியூஷூவுக்கா? யாசுகோ கடையை விட்டுட்டு வர மாட்டாளே."

"தனியாத்தான் போகணும்."

ஐம்பத்திரண்டு வயதில், கம்பெனி விடுதியில் ஒற்றை அறையில், தனக்குத் தானே சோறு வடித்துச் சாப்பிடுவதை சுகியூரா நினைத்துப் பார்த்தார். அவருக்குச் சோறு வடிக்கவே தெரியாது.

மத்தியானம் தன் ஆட்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"கயிறை இழுங்க. கெஞ்சிக் கேட்கிறேன்."

"எதுக்கு இழுக்கிறது?" என்றாள் தொமோயே. பதினேழு வருடமாக அதே இடத்தில் நின்று போல்ட் முடுக்குகிறவள். நாக்கும் முடுக்குகிற கருவி மாதிரிதான் சுற்றும். "போல்ட் நல்லாயிருக்கு. சட்டம் நல்லாயிருக்கு. உங்க மூஞ்சிதான் கோணியிருக்கு. அதுக்கு இழுக்கலாமா?"

"சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல."

"அப்ப ஒரு முறை வெச்சுக்கலாம், தலைவரே," என்றான் எட்சன். பிரேசிலிலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. இந்த ஊர்க்காரர்களைவிட அவன்தான் ஒழுங்குக்காரன். "குப்பை அள்ள முறை இருக்கு, டீத்தட்டு கழுவ முறை இருக்கு. கோளாறுக்கும் ஒரு முறை போட்டுட்டா யாருக்கும் சங்கடம் இல்ல."

எல்லாருக்கும் இது நியாயமாகவே பட்டது. கட்டம் போட்டு, பெயர் எழுதி, சுவரில் ஒட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை எட்சன் முறை. இழுத்தான். மெட்டு ஒலித்தது. அறுபது அடி தூரத்திலிருந்து சுகியூரா ஓடிவந்து, தொப்பியைக் கழற்றிக் குனிந்தார்.

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. என்ன கோளாறு?"

"கையுறை அரிக்குது."

"நன்றி. ரொம்ப நன்றி."

புதன்கிழமை தொமோயே. "விளக்கு வெளிச்சம் கண்ணைக் குத்துது." வியாழன், வெள்ளியும் இப்படியே போனது. சுகியூராவுக்கு நிம்மதி. அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரை இருந்தது.

கயிறு இழுத்த நேரங்களைக் குறித்திருந்த வரைபடத்தை நாகசாகா மேசைமேல் விரித்தார்.

"செவ்வாய், பத்தேகால். புதன், பத்தேகால். வியாழன், பத்தேகால். இன்னைக்கு?"

"பத்தேகால்," என்றார் சுகியூரா ஈனக்குரலில்.

"டீக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி. உங்க லைன்ல கோளாறுகூட நேரந்தவறாம வருதா? சும்மா இருந்தப்பவாவது சந்தேகம்தான் பட்டேன்."

திங்கட்கிழமை காலை உடற்பயிற்சி முடிந்ததும் சுகியூரா தன் பையிலிருந்து ஒரு தாயக்கட்டையை எடுத்தார். ஆறு பக்கம், புள்ளி வைத்தது. யாசுகோவின் கடையில் வாடிக்கைக்காரர்களின் பிள்ளைகள் விளையாடுவது.

"இனிமே முறை கிடையாது. சட்டம் பத்து முடிஞ்சா ஒரு தடவை உருட்டுங்க. ஆறு விழுந்தா இழுங்க. அப்பத்தான் இயற்கையா இருக்கும்."

அன்று இயற்கை கொஞ்சம் அதிகமாகவே பொங்கியது. மத்தியானத்துக்குள் பதினொரு ஆறு. சாயங்காலம் வரை இருபத்துமூன்று. சுகியூரா ஓடினார், குனிந்தார், நன்றி சொன்னார். திரும்பி நடக்குமுன் அந்தப் பக்கம் மெட்டு ஒலிக்கும். மறுபடி ஓடுவார். இடுப்புக்கு யாசுகோ ஒட்டியிருந்த பிளாஸ்திரி வேர்வையில் நழுவிக் கால்சட்டைக்குள் இறங்கிவிட்டது.

மூன்றாம் லைன், நாலாம் லைன் இரண்டுக்கும் சாமான் கொண்டுவரும் இஷிகுரோ, பேட்டரி வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை போல்ட் பெட்டிகளோடு வருவார்; காலியான பெட்டியை எடுத்துக்கொண்டு போவார். வாயைத் திறக்காத மனிதர். அன்று காலிப் பெட்டியே இல்லை. கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போக வேண்டியிருந்தது.

"மன்னிச்சிடுங்க, இஷிகுரோ-சான். இன்னைக்கு லைன் கொஞ்சம் நின்னு நின்னு போகுது."

"போல்ட்ல ஏதாவது கோளாறா, தலைவரே?" இஷிகுரோவின் முகம் வெளுத்திருந்தது.

"சேச்சே. போல்ட் தங்கம்."

இஷிகுரோ பெருமூச்சு விட்டு வண்டியைத் திருப்பினார்.

நூற்று நாற்பது சட்டம் குறைந்தது. எட்டுப் பேரும் ராத்திரி எட்டரைவரை நின்று முடித்தார்கள். அதோடு விடவில்லை. கயிறு இழுத்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தாள் எழுத வேண்டும். கோளாறுக்கு 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு, அடிவேர்வரை போக வேண்டும். அதுவும் விதி. இருபத்துமூன்று தாள்.

செவ்வாய்க்கிழமை காலையும் தொமோயேக்கு ஆறு விழுந்தது. அதற்கு அவள் எழுதிய தாள் சுகியூராவின் கைக்கு வந்தது.

'வேலையில் தூக்கம் வந்தது. ஏன்? நேற்று வீட்டுக்குப் போக நேரமானது. ஏன்? சட்டம் குறைந்தது. ஏன்? லைன் நின்றது. ஏன்? கயிறு இழுக்கப்பட்டது. ஏன்? தலைவர் இழுக்கச் சொன்னார்.'

"தொமோயே-சான், இது என்ன?"

"அடிவேர். அஞ்சாவது ஏன்ல நீங்க நிக்கிறீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அந்தத் தாளை நாலாக மடித்துக் காலுறைக்குள் சொருகிக்கொண்டார் சுகியூரா.

மத்தியானச் சாப்பாட்டில் குராச்சி எதிரே வந்து உட்கார்ந்தார். இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

"என்னய்யா சுகியூரா, நேத்து உன் லைன்ல ஒரே பாட்டுக் கச்சேரியாமே. கையுறை அரிக்குதாம், தூக்கம் வருதாம். என் ஆளுங்க இழுத்தா மரை சரியில்லாத போல்ட் கையில இருக்கும். நிஜமான போல்ட். அதுக்குக் கண்ணு வேணும்யா, கண்ணு."

"உன் ஆளுங்களுக்கு அத்தனை கெட்ட போல்ட் கிடைக்குதே. எங்களுக்கு ஒண்ணுகூட வர மாட்டேங்குதே."

"கியூஷூவில வெயில் நல்லாயிருக்குமாம்," என்று சொல்லிவிட்டு குராச்சி சூப்பை உறிஞ்சினார்.

அன்று வீட்டில் யாசுகோ அவருக்கு அரிசி களையச் சொல்லிக் கொடுத்தாள். எதற்கு என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை தண்ணீரை வடிக்கும்போது பாதி அரிசி தொட்டியில் விழுந்தது.

"என்னங்க, உண்மையைச் சொல்லிடுங்களேன்."

"எந்த உண்மை? கோளாறு இல்லைங்கிறதா? அதை எவன் நம்புவான்?"

அவள் விழுந்த அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவரும் பக்கத்தில் நின்று பொறுக்கினார். "நன்றி" என்றார். "போதும், பொறுக்குங்க" என்றாள்.

புதன்கிழமை தாயக்கட்டையை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நிஜமா ஏதாவது இருந்தா மட்டும் இழுங்க. இல்லைன்னா விட்டுடுங்க. வர்றது வரட்டும்."

வியாழக்கிழமை உசாமி வந்தார். குட்டையான மனிதர். யாருக்கும் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு அதற்குள் நின்றுகொண்டார். இரண்டு மணி நேரம் அசையவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் மூன்றாம் லைனில் மெட்டு ஒலிக்கவில்லை. இஷிகுரோவின் வண்டி ஆறு தடவை வந்து ஆறு தடவை போனது.

பிறகு வட்டத்தைவிட்டு வெளியே வந்தார்.

"திங்கட்கிழமை இருபத்துமூணு. இன்னைக்கு ஒண்ணுமில்ல. எப்படி?"

நாகசாகா தொண்டையைச் செருமினார். சுகியூரா தொப்பியைக் கழற்றினார். சட்டைப்பையிலிருந்து தாயக்கட்டையையும், காலுறையிலிருந்து அந்தத் தாளையும் எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"திங்கட்கிழமை இழுத்தது இதுதாங்க. ஆளுங்க மேல தப்பில்ல. நான்தான் சொன்னேன். அதுக்கு முன்னாடி முப்பத்தொரு நாளும் நிஜமாவே ஒண்ணுமில்ல. ஏன்னு சத்தியமா எனக்குத் தெரியாது. என்னைக் கியூஷூவுக்கு அனுப்புங்க, போறேன். இவங்களை மட்டும் பிரிச்சிடாதீங்க."

லைனில் கைகள் வேலையை விடவில்லை. ஆனால் எட்டுத் தலையும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தொமோயே மூக்கை உறிஞ்சினாள்.

உசாமி தாளைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "இவ்வளவு நேர்மையா எழுதின தாளை நான் பார்த்ததில்ல" என்றார். பிறகு அலமாரியிலிருந்த போல்ட் பெட்டிகளை இறக்கச் சொன்னார். நானூறு போல்ட். ஒவ்வொன்றாக மரை பார்த்தார். ஒன்றுகூடக் கெட்டதில்லை.

அதற்கப்புறம் நாலாம் லைனுக்குப் போய் அங்கேயும் ஒரு மணி நேரம் நின்றார்.

சாயங்காலம் எல்லாரையும் கூட்டினார்கள்.

"மூணாம் லைன்ல கோளாறு இல்ல, அது உண்மை," என்றார் உசாமி. "அதைவிட முக்கியம், செஞ்ச தப்பைக் கேட்ட உடனே மறைக்காம முழுசா எடுத்து வெக்கிற தலைவர் இருக்கார். நாலாம் லைன்ல தினமும் பதினாலு தடவை ஒரே மாதிரி கெட்ட போல்ட்டுக்காகக் கயிறை இழுக்கிறாங்க. அது ஏன் தங்களுக்கு மட்டும் இத்தனை வருதுன்னு ஒன்றரை மாசமா ஒரு தடவைகூடக் கேட்கல. புது மாடல் மூணுக்கு."

குராச்சியின் வாய் திறந்து, அப்படியே நின்றது.

சுகியூரா நன்றி சொல்ல ஆரம்பித்தார். உசாமிக்குச் சொன்னார், நாகசாகாவுக்குச் சொன்னார். தன் ஆட்கள் எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் குனிந்தார். எட்சன் அழுதுவிட்டான். தொமோயே, "போதும் தலைவரே, இடுப்பு போயிடும்" என்று தோளைப் பிடித்து நிமிர்த்தினாள். குராச்சிக்குக்கூட நன்றி சொன்னார். எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசியாக இஷிகுரோவின் வண்டி வந்தது. சுகியூரா போல்ட் பெட்டியைத் தானே இறக்கினார்.

"இஷிகுரோ-சான், உங்களுக்கும் ரொம்ப நன்றி. ஆனா இந்த போல்ட் விஷயம்தான் எனக்குப் புரியவே இல்ல."

இஷிகுரோ சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்றரை மாசம் முன்னாடி என் பெட்டியோட மூலை உங்க கயிறுல மாட்டி லைன் நின்னுபோச்சு. திட்டு விழும்னு நடுங்கிக்கிட்டு நின்னேன். நீங்க ஓடிவந்து, யாருன்னுகூடப் பார்க்காம, தொப்பியைக் கழட்டி எனக்கு நன்றி சொன்னீங்க. இங்க வந்து இருபத்தாறு வருஷமாச்சு. எனக்கு அதுதான் முதல் நன்றி. அதுக்கப்புறம் உங்களுக்குக் கெட்ட போல்ட் கொண்டுவர மனசு வரல. விரல்ல உருட்டினாலே எனக்குத் தெரியும். ஒவ்வொண்ணாப் பொறுக்கிட்டுத்தான் கொண்டுவர்றேன்."

சுகியூரா பெட்டியிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"அப்ப... பொறுக்கின கெட்ட போல்ட்டையெல்லாம் என்ன பண்ணீங்க?"

"எதையும் வீணாக்கக் கூடாதுன்னுதானே இங்க சொல்லித் தர்றாங்க, தலைவரே," என்றார் இஷிகுரோ. "எல்லாத்தையும் நாலாம் லைனுக்குக் கொடுத்துட்டேன்."