சம்பந்தி குடித்த சாம்பிள்

அரைகுறையாக ஆராய்ச்சி செய்பவன் வாயைத் திறப்பதும், அரைகுறையாக வயரிங் தெரிந்தவன் ஃபியூஸ் பெட்டியைத் திறப்பதும் ஒன்றுதான். என்ன, வயரிங்காரனுக்கு ஷாக் அடித்தால் அவனோடு போய்விடும். ஆராய்ச்சிக்காரன் விஷயத்தில் சுற்றி நிற்பவர்களுக்கு அடிக்கும்.

நான் அப்போது நிலவியலில் முனைவர் பட்டத்துக்கு முக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தர்மபுரி மாவட்டத்துப் பாறைகளிலிருந்து ஃபுளோரைடு எப்படி நிலத்தடி நீரில் இறங்குகிறது, அந்த நீர் குடிப்பவர்களின் பல்லையும் எலும்பையும் என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் ஆராய்ச்சி. ஊர் ஊராக அலைந்து போர் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துவந்து, பாப்பாரப்பட்டியில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் அடுக்குவேன். தயிருக்கும் மாவுக்கும் இடமில்லாமல் போனதில் அம்மாவுக்கு மகா எரிச்சல்.

"என்னாடா இது எல்லாம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"சும்மா தண்ணிதாம்மா" என்றேன். (ஆராய்ச்சி பற்றி நான் தந்த விளக்கங்களிலேயே எல்லோருக்கும் புரிந்தது இது ஒன்றுதான். அதுதான் வினையாகவும் முடிந்தது.)

என் தங்கை ஸ்டெல்லாவுக்கு இண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை சேவியர் தர்மபுரியில் கணக்கு வாத்தியார். அவருடைய அப்பா சூசை விவசாயி. எல்லாம் ஒத்துப்போய், நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குடும்பத்தோடு வந்தார்கள். ஸ்டெல்லாவும் சேவியரும் அதற்குள் போனில் பேசிப் பழகியிருந்தார்கள். அவள் சமையலறையில் தனியாக நின்று சிரித்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நல்ல வெயில். என்னைப் பலகாரம் வாங்க அனுப்பியிருந்தார்கள். நான் திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே சூசை மாமா அப்பாவிடம் சொல்வது கேட்டது.

"தண்ணி ஜோரா இருக்குதுங்க. அப்பிடியே எங்கூட்டுத் தண்ணியாட்டமே இருக்குது."

எட்டிப் பார்த்தேன். மேசைமேல் என் சாம்பிள் பாட்டில்! பக்கத்தில் டம்ளர்கள்.

"குடிக்காதீங்க!" என்று கத்தினேன். பலகாரப் பை கீழே விழுந்தது. லட்டுகள் ஆளுக்கொரு திசையில் உருண்டன.

அந்த நொடி எனக்கு வந்த பதற்றம் அவர்கள் உடம்பைப் பற்றியது அல்ல, பறிபோன சாம்பிளைப் பற்றியது. ஆனால் எல்லோரும் டம்ளரும் கையுமாக உறைந்து என்னையே பார்த்தபோது, ஏதோ ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

"அதுல ஃபுளோரைடு ஜாஸ்திங்க. வெசம்!"

அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அடப்பாவி, சும்மா தண்ணின்னு சொன்னியேடா!"

"எந்தூர் தண்ணிங்க தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார் சூசை மாமா.

பாட்டிலைத் திருப்பிக் குறியீட்டைப் படித்தேன். படித்தவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் வியாதி எனக்கு. "உங்க ஊருதாங்க மாமா. சர்ச்சுக்குப் பின்னால இருக்கற அடிபம்பு."

"அது நான் போட்ட போருங்க" என்றார் அவர். "தெருவே அதத்தான் குடிக்குது."

இதற்கு மேலாவது வாயை மூடியிருக்க வேண்டும். நானோ பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரேயடியாகக் கொல்லாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான், மாமாவுக்கு முட்டி மடங்காமல் இருப்பதற்குக்கூட இது காரணமாக இருக்கலாம் என்றேன். அத்தோடும் விடவில்லை. "பல்லுல பழுப்புக் கோடு விழும் பாருங்க, இவருக்கு இருக்கறாப்ல" என்று சேவியரைக் கைநீட்டிக் காட்டினேன்.

சேவியர் உதடுகளை மூடிக்கொண்டார். கிளம்பும்வரை அவர் பல் மறுபடி வெளியே தெரியவே இல்லை. கதவோரம் நின்றிருந்த ஸ்டெல்லா அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவர்கள் மரியாதையாகக் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். சில நாள் கழித்துத் தரகர் மூலம் செய்தி வந்தது. "எங்கூட்டுத் தண்ணி உங்க பொண்ணுக்கு ஒத்துக்காதுங்களே." அவ்வளவுதான்.

அப்பா என்னிடம் பேசவில்லை. அம்மா பேசினார், அதற்கு அப்பாவே தேவலை. நான் மன்னிப்புக் கேட்க வண்டியை எடுத்துக்கொண்டு இண்டூர்ப் பக்கம் போனேன். (முழு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். குடித்து முடித்த சாம்பிளுக்குப் பதிலாக வேறு பிடிக்க வேண்டும் என்று கைடு நச்சரித்துக்கொண்டிருந்தார். பையில் ஒரு காலி பாட்டிலும் இருந்தது.)

சூசை மாமா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். அவர் என் பையைப் பார்த்தார்.

"பாட்டிலும் கொண்டாந்துட்டீங்களா?"

பூமி பிளக்காதா என்றிருந்தது. அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பம்புக்கு வந்து, தானே அடித்துப் பாட்டிலை நிரப்பித் தந்தார்.

"நெசமாவே கெட்ட தண்ணிதானுங்களா?"

"ஆமாங்க மாமா."

"காவேரித் தண்ணி கொழாயில தெனமும் வர்றதில்ல. வராத நாளைக்கி இவுங்க எதக் குடிப்பாங்க, சொல்லுங்க?"

பம்படியில் குடத்தோடு நின்றிருந்த பெண்கள் என் வாயையே பார்த்தார்கள். தண்ணீரில் ஃபுளோரைடு எங்கிருந்து வருகிறது என்று மணிக்கணக்கில் பேசத் தெரிந்த எனக்கு, அவர்கள் எங்கே போவார்கள் என்று தெரியவில்லை. கிளம்பும்போது அவருடைய மனைவி வழக்கப்படி ஒரு சொம்பு தண்ணீர் நீட்டினார். எந்தத் தண்ணீர் என்று கேட்காமல் குடித்தேன். ஜோராகத்தான் இருந்தது.

இப்போது என் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம் இருக்கிறது. வீட்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சொந்தக்காரர் கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் யாராவது டம்ளரை உயர்த்தி, "ஏப்பா, குடிக்கலாமா? எந்தூர் தண்ணி?" என்று கேட்காமல் விடமாட்டார்கள்.

ஸ்டெல்லாவுக்கு ஓசூரில் கல்யாணமாகி, நன்றாக இருக்கிறாள். இந்தக் கதையை அவள் அளவுக்கு யாராலும் சொல்ல முடியாது. நான் கத்தியது, அம்மா நெஞ்சில் கைவைத்தது, லட்டு உருண்டது எல்லாவற்றையும் நடித்தே காட்டுவாள். அவள் குழந்தைகள் புரண்டு புரண்டு சிரிக்கும்; நானும் சிரிப்பேன். பல்லைப் பற்றி நான் பேசியதை மட்டும் இதுவரை ஒருமுறைகூட அவள் சொன்னதில்லை.