பெயர் வெட்டிய கேம் பெட்டி

எங்கள் பக்கத்தில் ஒரு பொருள் யாருடையது என்று தெரியவேண்டுமானால் அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அண்டா, குத்துவிளக்கு, சருவச்சட்டி எதுவானாலும் அடியில் பெயர் வெட்டியிருக்கும். பெயர் இருந்தால் சொந்தம். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை அல்லிநகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில், நிறைந்த சபையில், மைக் போட்டுப் போனது.

நான் கூடலூரில் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போவேன், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவேன். ஆறாவது வரை படித்தேன். பேச்சு குறைவு. (ஜீப்பில் வரும் பெண்கள் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்கள்.)

என் தங்கை செல்வியை அல்லிநகரத்தில் கொடுத்திருக்கிறோம். அவள் வீட்டுக்காரர் தங்கராசுவுக்கும் எனக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. காரணம் ஒரு மாலை. என் கல்யாணத்தில் வீட்டு மாப்பிள்ளையான அவருக்கு மாலை போட மறந்துவிட்டார்கள். மறந்தது நான்தான் என்றார் அவர். மணமேடையில் உட்கார்ந்திருந்தவன் எப்படி எழுந்துவந்து மாலை போடுவது என்று கேட்டேன். அதோடு சரி.

இதில் அடிபட்டது அவர் மகள் யாழினியின் காது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காது குத்த முடியாது. தாய்மாமன் நான். குத்தாமலே பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஒட்டுக் கம்மல் போட்டுக்கொண்டு போனாள்.

ஒருநாள் செல்வி நேராக ஜீப் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள்.

"அண்ணே, நீங்க ரெண்டு பேரும் சாகுறவரைக்கும் பேசாம இருங்க. எம்புள்ள காது என்ன பாவம் பண்ணுச்சு?"

சரி என்றேன். தங்கராசுவும் சரி என்று சொல்லி அனுப்பினார். ஆனால் கைப்பிள்ளையில் குத்தியிருந்தால் கேட்டிருக்க வேண்டியதில்லை, எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்க வேண்டியிருந்தது. யாழினி போனில் வந்தாள்.

"ஊசி வலிக்கும்ல மாமா?"

"லேசா."

"அப்ப எனக்கு டிவில போடுற கேம் பெட்டி வேணும். இல்லேன்னா மடியில உக்கார மாட்டேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். தேனியில் ஒரு கடையில் புதுசின் விலையைக் கேட்டேன். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நான் ஆள் இறக்கும் தோட்டத்து முதலாளியின் மகன் ஜிபின். மலையாளி. குமுளியில் வீடு. புது மாடல் பெட்டி வாங்கப்போகிறான், பழையதை விற்கப்போகிறான் என்று தெரிந்ததும் போனேன். பழைய ஜீப் வாங்கிப் பழகியவன் நான், ஏமாறமாட்டேன் என்ற தெம்பு இருந்தது. பெட்டியைத் தூக்கி அடியில் துரு பார்த்தேன். இல்லை. போடச் சொல்லிக் காதை வைத்து ஓட்டத்தைக் கேட்டேன். சீராக இருந்தது. முந்தைய ஓனர் ஒருவர்தானா என்று கேட்டேன். ஜிபின் சிரித்தான்.

"பதினெட்டு கேம் உண்டு அண்ணா. முக்காவாசியும் டவுன்லோடாணு. என் அக்கவுண்ட் அதில கெடக்கட்டும். குழப்பமில்ல."

தலையாட்டினேன். புரியாத விஷயத்துக்கு வேகமாகத் தலையாட்டுவது என் வழக்கம்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. சீர்ப் பொருளாயிற்றே, பெயர் வெட்டாமல் கொடுக்க முடியுமா? கூடலூர் பஜாரில் பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனேன். வெட்டுகிறவர் மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல என்னண்ணே பொங்குவாக?"

"பொங்க மாட்டாக. வெளையாடுவாக."

"அடியில வெட்டவா?"

"மேல வெட்டு. தெரியணும்."

(தங்கராசுவுக்குத் தெரியணும் என்பதுதான் விஷயம்.)

மிஷின் இரைந்தது. கறுப்புத் தூள் பறந்தது. 'தாய்மாமன் கூடலூர் பெருமாள் அன்பளிப்பு' என்று பெட்டியின் முதுகு முழுக்க வந்தது. அவ்வளவு அழகாக என் பெயரை நான் பார்த்ததில்லை. என் வீட்டு வாசலில் கூட அப்படி இல்லை, அங்கே வீட்டு எண் மட்டும்தான்.

விசேஷத்தன்று சீர்த்தட்டுகள் கொட்டுமேளத்தோடு மண்டபத்துக்குள் போயின. தோடு, பட்டுப்பாவாடை, பழம், நடுத்தட்டில் மல்லிகைப்பூ சுற்றிய கேம் பெட்டி. மைக்காரரிடம் முன்னாலேயே சொல்லிவைத்திருந்தேன். அவரும் குறைவைக்கவில்லை.

"தாய்மாமன் சீர்! கேம் பெட்டி ஒன்று! உள்ளே பதினெட்டு கேம்! பதினெட்டு கேம்!"

மேடையில் யாழினி என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி ஊசியை எடுத்தார். அவள் எழுந்துவிட்டாள்.

"மொதல்ல ஓடுதான்னு பாக்கணும்."

நியாயம்தான். நானும் அப்படித்தான் ஜீப் வாங்குவேன். மண்டபத்தின் பெரிய டிவியில் பெட்டியை மாட்டினார்கள். கேம் படங்கள் வரிசையாக வந்தன. கூட்டம் கை தட்டியது. அப்போது தங்கராசு மேடைக்கு வந்தார். போனை நீட்டினார். மாலைப் பிரச்சினைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது:

"மச்சான், நெட்டு இல்லாம என்ன கேமு? என் நெட்டவே குடுக்குறேன்."

"குடுங்க மாப்ள" என்றேன். அதற்குப் பதில் அந்தப் போனைப் பிடுங்கி வைகை ஆற்றில் எறிந்திருக்கலாம்.

நெட் ஏறியது. ஒரு வட்டம் சுற்றியது. பிறகு படங்களின் மேல் வரிசையாகப் பூட்டு விழுந்தது. மூலையில் ஜிபினின் பெயர் வந்தது. பக்கத்தில் கூலிங்கிளாஸ் போட்ட அவன் படம். யாழினி ஒன்றை அமுக்கினாள். இங்கிலீஷில் ஏதோ வந்தது. ஆசீர்வாதம் பண்ணுகிறவர்களுக்காக மேடையில் மைக் இருந்தது. அதன் முன்னால் நின்று அவள் அதைத் தமிழில் சொன்னாள்.

"இந்தக் கேம் உங்களுக்குச் சொந்தமில்லன்னு போட்டுருக்கு மாமா."

முன்வரிசையில் தங்கராசுவின் அக்கா பஞ்சவர்ணம் இருந்தார். எனக்கு மதினி முறை. இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்தவர்.

"கொழுந்தனாரே, கண்ணாடி போட்டுருக்கவரு ஆரு? அவருதேன் தாய்மாமனா? அப்ப நீங்க ஆரு?"

மண்டபம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. குத்தாமலே.

"நெட்டு குடுக்குற வரைக்கும் ஓடுச்சே" என்றேன்.

தங்கராசுவின் முகம் மாறியது. "என்னயச் சொல்றீகளா மச்சான்?"

"ஆரயும் சொல்லல. ஓடுச்சுன்னு சொன்னேன்."

"நான் கெடுக்கணும்னே குடுத்தேன்னு சொல்றீக."

"அண்ணே, பேசாத" என்றாள் செல்வி. அவர் பக்கம் திரும்பி, "நீங்களும் பேசாதீக" என்றாள். ஆசாரி கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நேரம் முடியப்போகிறது. யாழினி என் மடிக்கு வராமல் எட்டி நின்றாள். காது இனி எட்டு வயதோடு நிற்காது, கல்யாண வயது வரை போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஜிபினுக்குப் போன் போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். (நான் குற்றமற்றவன் என்று நிரூபிக்கிற ஏற்பாடு.)

"ஐயோ அண்ணா, நேத்து ராத்திரி புதுப் பெட்டி செட் பண்ணி. இனி இதாணு மெயின்னு கொடுத்து. அதான் பழசுல பூட்டு வந்துபோச்சு. நெட் இல்லேன்னா அதுக்குத் தெரியாது. நெட் வந்ததும் தெரிஞ்சுபோச்சு."

"நீதேன் பெட்டிய வித்துட்டியே தம்பி?"

"பெட்டி வித்தேன். கேம் விக்க பற்றில்ல, முடியாது அண்ணா. கம்பெனி என் பேருக்கு அனுமதிதான் தந்திருக்கு. சரியா சொன்னா எனக்கே சொந்தமில்ல."

"ஜீப்ப வித்தா சீட்டக் கழட்டிக்கிட்டா போவாக?"

"சீட்டு அல்ல அண்ணா, டிரைவிங் லைசென்ஸ். ஜீப்பு விக்கலாம். உங்க லைசென்ச விப்பீங்களா?"

(லைசென்சையும் சேர்த்து என்று சொல்லி யாரும் ஜீப் விற்பதில்லை, நீ பதினெட்டு கேம் என்று சொல்லித்தானே விற்றாய் என்று லோயர் கேம்ப் இறக்கத்தில் வரும்போது தோன்றியது. மறுவாரம்.)

ஜிபின் நல்ல பையன். "வெஷமிக்கண்டா, கவலப்படாதீங்க. பெட்டியக் கொண்டு தாங்க, பணம் திருப்பித் தரேன்" என்றான். எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் தங்கராசு குனிந்து, மல்லிகைப்பூவை விலக்கி, பெட்டியின் முதுகைப் பார்த்தார்.

"பேரு வெட்டிருக்கே மச்சான்."

"வெட்டியோ? பாத்திரத்துல வெட்டுற மிஷின் வெச்சோ?" என்றான் ஜிபின். ஆமாம் என்றேன். அவன் சிரிக்க ஆரம்பித்தான். ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்கக் கேட்டது. தங்கராசு வாயைத் துண்டால் பொத்தினார். துண்டு நிற்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பெட்டிக்கு வெளிய எங்க மச்சான், உள்ள கேரளாக்காரரு!" பல வருடத்துக்குப் பிறகு அவர் கை என் மேல் பட்டது. அதற்காக நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் யாழினி ஒருத்திதான். அவள் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். கடைசிப் படத்தில் பூட்டு இல்லை. ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள், பெட்டி நாக்கை நீட்டுவதுபோல ஒரு டிஸ்க்கை வெளியே தள்ளியது.

"அது மறந்துபோச்சு" என்றான் ஜிபின். "டிஸ்க் இருக்கிறவருக்கே சொந்தம். அத ஆரும் பூட்ட முடியாது."

டிராக்டர் உழவு கேம். திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்பும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு, உழுகிற கேம்.

அவள் யோசித்தாள். டிஸ்க்கை உள்ளே தள்ளிவிட்டுக் கன்ட்ரோலரோடு வந்து என் மடியில் உட்கார்ந்தாள். "நான் ஓட்டுறப்பவே குத்திக்கங்க."

டிராக்டர் கிளம்பியது. பந்திக்குப் போனவர்கள் எல்லாம் எச்சில் கையோடு திரும்பி வந்தார்கள். எல்லாரும் விவசாயம் தெரிந்தவர்கள்.

"ஆத்தா, வரப்புல ஏத்தாத!"

"கலப்பையத் தூக்கிட்டுத் திருப்பு, கொழு ஒடிஞ்சிரும்!"

"ஏலே, அது என்ன மண்ணு? செம்மண்ணா?"

ஆசாரி இடது காதில் குத்தினார். டிராக்டர் நேராகப் போய் வாய்க்காலில் இறங்கியது. மண்டபமே "ஐயோ!" என்றது. பிள்ளைக்காக அல்ல. வலது காது குத்தும்போதும் டிராக்டர் தண்ணீரில்தான் கிடந்தது. அவள் அதை ரிவர்ஸ் எடுப்பதில் மும்முரமாக இருந்ததால் அழ மறந்துவிட்டாள்.

பெட்டியை ஜிபின் திருப்பி எடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. ஒரே கேமோடு அல்லிநகரத்தில் இருக்கிறது.

அடுத்த வருடம் யாழினியின் தம்பிக்குக் காதுகுத்து. இந்தத் தடவை ஒரு பித்தளை அண்டா கொண்டுபோனேன். பெயரை அடியில் வெட்டினேன். மைக்காரர் சீரை வாசித்து முடித்ததும் தங்கராசு மைக்கை வாங்கிக் கேட்டார்: "மச்சான், அண்டாவுக்கு நெட்டு குடுக்கலாமா?"

அதோடு விடவில்லை. குமுளிக்கு ஆள் அனுப்பி ஜிபினையும் அழைத்திருந்தார். அதே கூலிங்கிளாசோடு வந்து தாய்மாமன் வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்தான். தங்கராசு மாலை எடுத்துவந்தார். முதல் மாலையை அவனுக்குப் போட்டார். இரண்டாவதுதான் எனக்கு வந்தது.

மாலையால் ஒரு தடவை பேச்சு நின்ற குடும்பம். பஞ்சவர்ணம் மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து வாங்கிக்கொண்டேன்.