நாலு உபய பேட்டரியும் கடைசி ஸ்க்ரூவும்

சிரஞ்சீவி அச்யுத்துக்கு,

அடையாறிலிருந்து உன் அத்திம்பேர் சுப்பராமன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. பெங்களூரில் நீயும் உன் ஆத்துக்காரியும் குழந்தைகளும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் மரியாதை, எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவாய். எனக்கு இருக்கிற அலுப்பில் அதைத் தாங்க முடியாது.

உங்கள் கிளப்பில் கழித்துக்கட்டிய கோல்ஃப் வண்டியை நீ வாங்கி எங்கள் குடியிருப்புக்கு அனுப்பியது உன் அக்காவுக்காகத்தான் என்று எனக்குத் தெரியும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு ஜானகி லிஃப்டில் இறங்கினாலும் எங்கள் டி பிளாக்கிலிருந்து வாசல் கேட் வரைக்கும் நடக்க முடியாமல் ஜன்னலோரமாகவே உட்கார்ந்திருக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது. குழம்பில் உப்பில்லை என்று நான் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்தாலும், "போட்டுக்கோங்கோ" என்று முடித்துவிடுகிறாள். அது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் வண்டி வந்த அன்று அசோசியேஷன் செக்ரட்டரி என்ற முறையில் ஓடிப்போய் மாலை போட்டவன் நான்தான், அதன் பேட்டரி நாலும் செத்துக் கிடக்கின்றன என்று தெரிந்து தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தவனும் நான்தான்.

பிளாக்குக்கு ஒரு பேட்டரி உபயமாகக் கொடுங்கள் என்று நான் கேட்டேன் பார், அங்கேதான் மோசம் போனேன். கொடுத்தார்கள். 'ஏ பிளாக் உபயம்', 'பி பிளாக் உபயம்' என்று பெயரும் ஒட்டிக் கொடுத்தார்கள். நாலையும் ஒன்றோடொன்று கோத்து வண்டியை ஓட்டுவதில் யாருக்கும் தகராறு இல்லை. தகராறு மேல் சாமான்களில் வந்தது. ஏ பிளாக் பஞ்சாட்சரம் முன்விளக்கு வாங்கினார், பி பிளாக் நீரஜா மாமி பக்திப் பாட்டுக்கு ஸ்பீக்கர் வாங்கினாள், மற்ற இரண்டு பிளாக்கும் ஹாரன், ஓடுகிற எழுத்துப் பலகை என்று வரிசையில் நின்றன. "எங்க உபயம் எங்க பேட்டரியிலதான் பாடணும். அடுத்தவா கரண்ட் எங்களுக்கு எதுக்கு?" என்றாள் மாமி. "அதேதான் நானும் சொல்றேன். அவங்க பாட்டுக்கு என் பேட்டரி இறங்கிப்போனா யார் சார் பதில் சொல்றது?" என்றார் பஞ்சாட்சரம். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது ஒன்றுதான். நானும் சரி என்று தலையை ஆட்டித் தொலைத்தேன்.

மேற்கு மாம்பலத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்கிற சைஃப் வந்தான். சீட்டைத் தூக்கிப் பார்த்தான். "இன்னாத்துக்கு சார் எல்லாத்துக்கும் ரெண்டு ரெண்டு ஒயரு இஸ்துகினு? காருல எப்டி கீது? பிளஸ் மட்டும் போட்டுக்கினு மைனஸ்ஸ பாடில முறுக்கி உட்டா மேட்டர் ஓவர். பாடிதான் சார் எர்த்து" என்றான். இன்ஷூரன்ஸ் ஆபீசில் காலம் தள்ளிய எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. ஏ பிளாக் பேட்டரியின் மைனஸை வண்டியின் பாடியில் முறுக்கினான், பஞ்சாட்சரத்தின் விளக்கு ஜம்மென்று எரிந்தது. பி பிளாக் பேட்டரியிலிருந்து மாமியின் ஸ்பீக்கருக்கும் அதே மாதிரி எல்லாவற்றையும் இழுத்து முடித்தான். அந்த பி பிளாக் மைனஸைப் பாடியில் சேர்க்கிற கடைசி ஸ்க்ரூவை மட்டும் வெள்ளிக்கிழமை ராகுகாலம் கழிந்தபின், வண்டியில் சுமங்கலி ஒருத்தி உட்கார்ந்திருக்கும்போதுதான் முறுக்க வேண்டும் என்று மாமி உத்தரவு போட்டுவிட்டாள்.

அந்தச் சுமங்கலி உன் அக்காதான். எத்தனையோ நாளைக்கு அப்புறம் அரக்குப் புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். கைகொடுத்து ஏற்றி உட்கார வைத்தேன், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, "ம், முறுக்கு" என்றாள் மாமி, சைஃப் முறுக்கினான். படார் என்று ஒரு சத்தம், ஒயர் சிவந்து கருகி, ஜானகி உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியிலிருந்து குபுகுபுவென்று புகை. "எறங்கும்மா, எறங்கும்மா!" என்று சைஃப் கத்துகிறான், மாமியோ "சாம்பிராணி யார் போட்டா?" என்று விசாரிக்கிறாள், பஞ்சாட்சரம் "பி பிளாக் என் பேட்டரியைக் கொன்னுட்டாங்க" என்று சாட்சிக்கு ஆள் சேர்க்கிறார். உன் அக்கா இறங்கி லிஃப்டுக்குப் போய்விட்டாள். "இனிமே என்னைக் கீழே கூப்பிடாதீங்கோ" என்பதோடு சரி.

வண்டிக் கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒரு பெண் பொறுமையாகச் சொன்னாள்: "இது கார் இல்ல சார். நாலும் ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா கோத்திருக்கு, முதல் பேட்டரியோட பிளஸ்லதான் அடுத்ததோட மைனஸ் சேர்ந்திருக்கு. ரெண்டு பேட்டரியோட மைனஸையும் பாடில சேர்த்தீங்கன்னா, முதல் பேட்டரியோட ரெண்டு முனையையும் நேரா முட்ட வெச்ச மாதிரிதான்." நல்ல வேளை ஒயரோடு போயிற்று, பேட்டரி பிழைத்தது. நாலுக்கும் பொதுவாக, வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற கன்வர்ட்டர் ஒன்று போட்டு, பக்கத்தில் ஃப்யூஸ் வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு சாமானுக்கும் பிளஸ், மைனஸ் இரண்டு ஒயரும் தனியாக இழுக்க வேண்டுமாம், பாடி பக்கமே போகக் கூடாதாம். இதைக் கமிட்டியில் சொன்னேன். "பொதுவா வந்தா அப்புறம் அது எப்படி எங்க உபயம் ஆகும்?" என்று மாமி கேட்டாள். பஜ்ஜி தீர்ந்தது, பேச்சு தீரவில்லை.

போதும் அச்யுத். ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடு. செக்ரட்டரி வேலையை நாளைக்கே விட்டுவிடுகிறேன். யாருக்காக இத்தனை பாடுபட்டேனோ அவளே மாட்டேன் என்றபின் எனக்கு இதெல்லாம் எதற்கு?

குழந்தைகள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள்.

உன் அத்திம்பேர்
சுப்பராமன்

பி.கு.: மேலே உள்ளதில் ஆசீர்வாதத்தை மட்டும் வைத்துக்கொள், மற்றதை மறந்துவிடு. கவரை ஒட்டுவதற்குள் உன் அக்கா இதை வாங்கிப் படித்துவிட்டு, "லைட்டு, பாட்டு ஒண்ணும் இல்லேன்னா வண்டி ஓடாதா?" என்றாள். எங்கள் நாலு பிளாக்கில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி. சைஃபைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கழற்றச் சொன்னேன். மொட்டை வண்டி, உன் அக்காவை ஏற்றிக்கொண்டு சத்தமே இல்லாமல் ஓடியது. கேட் வாசலில் பூக்காரியிடம், "இது முழமா, சாணா?" என்று கேட்டு ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் பூ வாங்கினாள். ஆகவே ஆள் யாரையும் அனுப்பாதே. இதை வேறு காகிதத்தில் ஒழுங்காக எழுதலாம் என்றால் நேரமில்லை, உன் அக்கா எனக்கு முன்னாலேயே தனியாக இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் அங்க என்ன பண்ணிண்டிருக்கேள்?" என்று டி பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டிருக்கிறாள்.